ஆட்டுக்கல் குழியில் ஒரு பிடி அரிசி

ஷாமினி, தினேஷ்,

இந்த வாரப் பத்திரிகைத் தொடரில் எழுதப்போவது உங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்தது பாதி. மீதியை அன்றைக்கு நான் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். வீட்டு விஷயத்தை எதற்கப்பா ஊருக்கெல்லாம் எழுதுகிறீர்கள் என்று தினேஷ் கேட்பான். காரணம் இருக்கிறது. படித்துக்கொண்டே வா, தெரியும்.

அது ஒரு சனிக்கிழமை காலை. பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, பினாங்குப் பாலம் தாண்டி, கெடாவில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். பழைய நாளில் நம்மவர்கள் கடாரம் என்று சொன்ன பக்கம். மலையடிவாரத்தில் அந்தக் காலத்துக் கோயில்களின் அடித்தளங்கள் கல்லும் செங்கல்லுமாகக் கிடக்கும். பிள்ளைகளை இறக்கிவிட்டால் என் வேலை முடிந்தது. கதவைத் திறந்துபோட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தூக்கம் போடுவேன். முழங்கால் வலி வந்த பிறகு, ஒரு வருடத்துக்கும் மேலாக, நான் மேலே ஏறியதே இல்லை.

அன்று ஒரு மாணவி தன் இன்ஹேலரை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆஸ்துமா உள்ள பிள்ளை. வேறு வழியில்லை, ஏறினேன். மழை பெய்து விட்டிருந்தது. படியெல்லாம் பாசி. இன்ஹேலரை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஓடைப் பக்கமிருந்து ஊதுவத்தி வாசனை வந்தது.

அங்கே எதற்கு ஊதுவத்தி? அங்கே கோயிலே கிடையாது. வெறும் இடிபாடு.

போய்ப் பார்த்தேன். ஓடைக்கு இறங்கும் வழியில், தனியாகக் கிடக்கும் ஒரு வட்டக் கல். நடுவில் ஒரு குழி. அந்தக் குழி நிறைய அரிசி. ஓரத்தில் செவ்வந்திப் பூ, பாதி வெட்டிய எலுமிச்சை, மஞ்சள் பூசிய தேங்காய் ஓடு. ஒரு தமிழ்க் குடும்பம் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. கணவன், மனைவி, கல்லூரி வயதில் ஒரு மகன்.

நான் நிற்பதை அந்த மனிதர் பார்த்துவிட்டார்.

"வாங்கண்ணே, வாங்க. கூச்சப்படாதீங்க. நீங்களும் ஒரு பிடி போடுங்க" என்று பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

"இது என்னா கல்லு தம்பி?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"என்னாண்ணே, தமிழனா இருந்துகிட்டு இப்படிக் கேக்குறீங்க? இது கடாரத்து ஆட்டுக்கல்லுலா! ஆயிரம் வருஷம். புருஷன்மாரு கப்பல் ஏறுறப்ப நம்ம பொம்பளைங்க இதுல ஒரு பிடி அரிசி போடுவாங்க. பாய்மரம் கண்ணுக்கு மறையுறதுக்குள்ள குருவி வந்து கொத்திடுச்சுன்னா, போன ஆளு பத்திரமா திரும்பி வந்துடுவாரு."

"யாரு சொன்னா?"

"பினாங்குத் தமிழருங்க பரம்பரை பரம்பரையா சொல்றதுண்ணே. புத்தகத்துலயே போட்டிருக்கு." கைப்பேசியில் ஒரு பக்கத்தின் படத்தைக் காட்டினார்.

அவர் மனைவி குறுக்கே வந்தார். "விடுங்களேன், அண்ணனுக்குத் தெரியல. இப்பவாவது தெரிஞ்சுக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "பையன் நாளைக்கு ஆஸ்திரேலியா போறாண்ணே, படிக்க. சுங்கைப் பட்டாணியிலேர்ந்து இதுக்குன்னே வந்தோம். இவன் நம்ப மாட்டான், நாந்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குத் தலைக்குள் ஓடைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஏனென்றால் அந்தப் பாய்மரம் நான் போட்டது. அந்தக் குருவி நான் விட்டது. ஆயிரம் வருடத்து வழக்கம் என்று அவர் சொன்ன அத்தனையும், நாலைந்து வருடத்துக்கு முன்னால், அதே கல்லுக்குப் பக்கத்தில் நின்று, என் வாயால் நான் உண்டாக்கியது.

அவர் பையை இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தார். நான் ஒரு பிடி எடுத்தேன். போட்டேன். இதுதான் அன்றைக்கு உங்களிடம் சொல்லாமல் விட்ட பாதி. உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் உங்கள் அப்பா அரிசி போட்டுவிட்டு வந்தான்.

எலெனி டீச்சர்

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன். அதை இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் சாலைப் பலகைகளும் நம் தமிழ்ப் பத்திரிகைகளும்தான்.

ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டப் போனபோதுதான் எலெனி டீச்சரைப் பார்த்தேன். கிரேக்க நாட்டுக்காரர். வரலாற்று ஆசிரியை. மூன்று வருடம் ஒரு நாடு, நாலு வருடம் ஒரு நாடு என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்துகிறவர். போகிற இடத்தில் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்க மாட்டார். பழைய கல் எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கே இழுத்துக்கொண்டு போவார்.

"எங்கள் ஊரில் கழிப்பறைக்குக் குழி தோண்டினாலும் பழைய பானை வரும். வீடு கட்டுகிறவர்கள் பானை வந்துவிட்டதே என்று அழுவார்கள், அரசாங்கம் வேலையை நிறுத்திவிடும்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு இருந்தது வேன் ஓட்டும் ஆங்கிலம். எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்த இடத்துக்குப் போனாலும் அறிவிப்புப் பலகையைப் படித்து முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "உங்கள் மக்கள் இதைப் பற்றி என்ன சொல்வார்கள், மிஸ்டர் சேகர்?" என்று கேட்பார்.

பிள்ளைகளே, அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "எத்தனை மணிக்கு வருவீங்க", "ஏர்கான் ஏன் வேலை செய்யல" என்றுதான் என்னிடம் கேட்பார்கள். நான் என்ன நினைக்கிறேன் என்று ஒரு படித்த மனுஷி கேட்டதும் எனக்குத் தோள் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது.

முதலில் தெரிந்ததைத்தான் சொன்னேன். தைப்பூசத்தில் தேங்காய் உடைப்பது ஏன், வேப்பிலை கட்டுவது ஏன், அப்படி. அதெல்லாம் நிஜம். பிறகு தெரிந்தது தீர்ந்துவிட்டது. கேள்வி தீரவில்லை.

ஒரு சிறுமி கேட்டாள்

முழங்கால் நன்றாக இருந்த காலம். அதே பூஜாங் பள்ளத்தாக்கில் நானும் பிள்ளைகளோடு மேலே ஏறியிருந்தேன். வெயில். பிள்ளைகள் சோர்ந்துபோய், பாதிப் பேர் கைப்பேசியில் இருந்தார்கள். டீச்சர் கப்பல், வணிகர், அரசன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

பதினொரு வயது இருக்கும், ஒரு சீனச் சிறுமி, கையைத் தூக்கினாள். "எல்லாம் ஆம்பிளைங்க கதையா இருக்கே. அம்மாக்கள் எல்லாம் எங்கே இருந்தாங்க?"

 டீச்சர் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். இருபது முகமும் என் பக்கம் திரும்பியது.

என் காலடியில் அந்த வட்டக் கல் கிடந்தது. நடுவில் குழி. பார்க்க அச்சு அசல் நம் வீட்டு வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல் மாதிரியே இருந்தது. குழவி மட்டும்தான் இல்லை. நம் வீட்டுக் கல்லுக்கும் குழவி கிடையாதே.

"இது ஆட்டுக்கல்" என்று சொல்லிவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் வெறும் அறியாமை. யாராவது திருத்தியிருப்பார்கள். வேறு நாட்டுக்காரன் யாரும் அந்தக் கல்லைப் பார்த்து மாவு அரைக்கிறதை நினைக்க மாட்டான், நாம்தான் நினைப்போம். ஆனால் பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே இறக்கியிருந்தார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் அரிசியைச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது குருவியைச் சேர்த்தேன். அதற்கடுத்த முறை பாய்மரம். டீச்சர் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். எழுதும்போது அவர் கண் பளபளக்கும். அந்தப் பளபளப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

மழையும் மைனாவும்

அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

தினேஷ் அப்போது இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன லாரியின் விளக்குகூடத் தெரியாத மழை. வேன் வழுக்கி, ஒரு சுற்று சுற்றி, தடுப்பில் போய் மோதியது. நல்லவேளை வேனில் பிள்ளைகள் யாரும் இல்லை. எனக்கு நெற்றியில் ஐந்து தையல். அம்மா மருத்துவமனைக்கு வந்தாள், என் சட்டையில் இருந்த கண்ணாடித் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் மறுபடி வேன் எடுத்த முதல் நாள் காலை, வாசலில் கிடந்த ஆட்டுக்கல் குழியில் ஒரு பிடி அரிசியைப் போட்டுவிட்டு நின்றாள். அந்தக் கல் பழைய வாடகைக்காரர் விட்டுப்போனது. நாம் அதைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். நான் வேனைத் திருப்பி, மாமாக் கடை முனையில் மறைவதற்குள் மைனா வந்து கொத்தினால் அன்றைக்கு நல்ல நாள். அவளாக ஏற்படுத்திக்கொண்ட கணக்கு. சில நாள் மைனா சீக்கிரம் வரட்டும் என்று நானே வேனை மெதுவாகத் திருப்புவேன். அவளுக்கு அது தெரியாது. இப்போது படித்தால் தெரியும்.

இதைத்தான் தூக்கிக்கொண்டுபோய் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வைத்தேன்.

பெட்ரோல் நிலையத்தில் சொன்ன 'ஆமாம்'

இனி ஷாமினிக்கு.

நீ ஆசிரியர் பயிற்சி முடித்து, வரலாறு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாய். எலெனி டீச்சர் தன் மாணவர்களுக்காக அச்சடித்த சின்னப் புத்தகம் உன் கைக்கும் வந்தது. அதில் ஒரு பக்கத்தில் 'பினாங்குத் தமிழர்களின் வாய்மொழி மரபு' என்று தலைப்புப் போட்டு, அரிசியும் குருவியும் பாய்மரமும் இருந்தது. கீழே என் பெயர்.

நீ எனக்குப் போன் செய்தாய். நான் பட்டர்வொர்த்தில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"அப்பா, இந்த ஆட்டுக்கல் விஷயம் உண்மையாவே பழைய வழக்கமா? அதான் அம்மா போடுறாங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "பழசுதான்."

இரண்டு வார்த்தை. டீச்சரிடம் சொன்னது பெருமையில் வந்தது. உன்னிடம் சொன்னது வெறும் அவசரத்தில் வந்தது. ஹார்ன் அடித்தவனுக்காக உன்னிடம் பொய் சொன்னேன். 

நீ அதை நம்பினாய். உன் வகுப்பில் சொன்னாய். எலெனி டீச்சர் தன் சொந்த ஊரில் இருக்கும் பள்ளிக்கு உன்னைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதினார். அங்கே ஒரு வரலாற்று ஆசிரியை வேண்டும், வெளிநாட்டவர் என்றாலும் பரவாயில்லை என்றார்கள். நேர்காணல் கணினி வழியாக, வீட்டிலிருந்தே; அதில் பதினைந்து நிமிடம் மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நீ எடுத்துக்கொண்ட பாடம்: கடாரத்து ஆட்டுக்கல்.

வரவேற்பறையில் ஒத்திகை

அந்தச் சனிக்கிழமை நான் வீடு திரும்பியபோது நேர்காணலுக்கு நான்கு நாள் இருந்தது. வழியெல்லாம் ஒரே தீர்மானம், போனதும் சொல்லிவிட வேண்டும் என்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஷாமினி கூப்பிட்டாள்.

"அப்பா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. உக்காருங்க, ஒத்திகை பாக்கப்போறேன். நீங்கதான் ஜட்ஜு."

"நான்?" என்றான் தினேஷ்.

"நீ கடைசி பெஞ்சு. வாயத் தொறக்காத."

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பொரித்த வாழைப்பழத்தைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

நீ பாடத்தை ஆரம்பித்தாய், ஷாமினி. எவ்வளவு நன்றாக நடத்தினாய்! நான் உன்னை வகுப்பில் பார்த்ததே இல்லையே. கை அசைவு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது, எல்லாம்.  கடைசிப் படத்துக்கு வந்தாய். திரையில் அம்மாவின் கை. நம் வீட்டு ஆட்டுக்கல் குழி. விரலிலிருந்து உதிரும் அரிசி.

"ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வழக்கம் என் வீட்டு வாசலில் உயிரோடு இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் முடித்தாய். பிறகு தமிழுக்கு மாறி, "அம்மா, இங்க ஒரு வரி சேக்கணும். உங்களுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தா? உங்க அத்தையா? பெரியம்மாவா?" என்று கேட்டாய்.

"எத?"

"இந்த அரிசி போடுறத."

"யாரும் சொல்லிக் குடுக்கலயே" என்றாள் அம்மா. "அப்பாவுக்கு பத்து காவான்ல அடிபட்டுச்சே, அந்த வாரம் நானா ஆரம்பிச்சது. ஏன்? போட்டோ எடுக்குறப்ப ஏதோ சமையல் பாடம்னு நெனச்சேன்."

"இல்லம்மா, இது கடாரத்துல..."

"நா எப்பலா கடாரத்துல இருந்தேன்?"

தினேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப இந்த வழக்கம் என்னைவிடச் சின்னது! அம்மா, நீங்க சோழர் காலத்து ஆளுன்னு யாருமே சொல்லல!"

நீ சிரிக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். 

"அப்பா?"

நான் சொன்னேன். குழியை, சிறுமியை, குருவியை, பாய்மரத்தை. சுங்கைப் பட்டாணிக் குடும்பத்தையும் சொன்னேன். நானும் ஒரு பிடி போட்டதை மட்டும் சொல்லவில்லை.

"ரெண்டு வருஷம்ப்பா" என்றாய். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ரெண்டு வருஷமா நான் வகுப்புல சொல்லிக்கிட்டிருக்கேன். நான் உங்கள கேட்டேன். கேட்டேன்தானே?"

"கேட்டம்மா."

"புத்தகத்த நம்பாம உங்கள நம்புனேன்."

தினேஷின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா வாழைப்பழத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போகும்போது என்னிடம் மெதுவாக, "என்னயக் கேக்காம என்னைய எங்கெங்கயோ கொண்டுபோய் வச்சிருக்கீங்களே" என்றாள். கோபமா வருத்தமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அடித்துவிட்ட வரி

மறுநாளே எலெனி டீச்சரின் வீட்டுக்குப் போனேன். ஷாமினி, நீ உடன் வருவாய் என்று நினைத்தேன். "நீங்களே போய்ச் சொல்லுங்க, உங்க வாயால" என்றுவிட்டாய். நியாயம்.

டீச்சர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளித் தவணையோடு அவர் வேறு நாட்டுக்குப் போகிறார். கூடமெல்லாம் அட்டைப் பெட்டி. ஒரு பெட்டியின் மேல் அந்தச் சின்னப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அடுத்த ஊருக்கும் அதைக் கொண்டுபோகப் போகிறார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் கல் எனக்கு என்னவென்றே தெரியாது, அரிசி என் மனைவி போடுவது, மற்றதெல்லாம் நான். இவ்வளவுதான். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்டியிலிருந்து ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்தார். புத்தகத்தின் முதல் கைப்பிரதி. அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. என்னால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. *இங்கே வாழ்ந்த பெண்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவில்லை.*

"இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருந்தது" என்றார். "நீங்கள் அரிசியைச் சொன்னதும் ஆசையாக இதை அடித்தேன். அந்தக் கல் மரத்தூண் நிறுத்துகிற அடிக்கல் என்று நூல்களில் இருக்கிறது. குழியில் தூண் நிற்கும். அது எனக்குத் தெரியும். கோயில் இடிந்த பிறகு மக்கள் வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் சொன்னவர் நீங்கள். இந்த மண்ணின் ஆள், தமிழர், உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?"

எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. அவருக்கு அது தூணின் அடிக்கல் என்று தெரியும்! தெரிந்தும் என் பேச்சை மேலே வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய படிப்பை என் வாய் தள்ளிவிட்டிருக்கிறது.

"மிஸ்டர் சேகர், நீங்கள் ஏன் தெரியாது என்று சொல்லவில்லை?"

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க டீச்சர்" என்றேன். அதுதான் வாயில் வந்தது. அவர் முகம் சட்டென்று சிவந்துவிட்டது.  நான் கிளம்பும்போது, அவர் தரையில் உட்கார்ந்து, கட்டிய புத்தகக் கட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

நேர்காணல்

ஷாமினி அந்தப் பாடத்தைக் கைவிட்டாள். மூன்று நாளில் வேறு பாடம் தயார் செய்தாள். அதே கல்தான். ஆனால் குழி மட்டும், காலியாக. இது என்ன என்று கேட்டு, அவர்களைச் சொல்ல வைத்து, தூண் வரைக்கும் கொண்டுபோய், பிறகு இந்தத் தூணுக்குக் கீழே நடமாடிய பெண்கள் யார் என்று கேட்டு, நமக்குத் தெரியவில்லை என்று முடித்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாடம் இரண்டு இடத்தில் தடுமாறியது. பழைய பாடம் தடுமாறவே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். பாடம் நன்றாக இருந்தது, ஆனால் முழுமை பெறவில்லை என்று ஒரு வரி.

நீ அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டவில்லை, ஷாமினி. அம்மாதான் சொன்னாள். அன்று மாலை நீ எனக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தாய். சர்க்கரை சரியாக இருந்தது. ஒரு சொல் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இன்றைக்கு நீ வேறொரு நாட்டில், வேறொரு பள்ளியில் பாடம் நடத்துகிறாய். அதற்கு மேலும் ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடம் நான் எடுத்தது.

இதைப் பத்திரிகையில் எழுதியதற்குக் காரணம் தினேஷ் கேட்பான் என்றேனே. அந்தச் சுங்கைப் பட்டாணிக் குடும்பத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தேடிப் போய்ச் சொல்ல வழியில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஆஸ்திரேலியா போன பையனைப் பெற்ற அம்மா, உங்கள் மகன் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கல்லைப் பற்றி உங்களுக்குச் சொன்ன பினாங்குத் தமிழர் பரம்பரை நான் ஒருவன்தான். உங்களிடம் அரிசி வாங்கிப் போட்ட வேன்காரனும் நான்தான்.

காலி வேன்

கடிதம் வந்த வாரத்திலேயே, ஒரு புதன்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலி வேனோடு பாலம் ஏறினேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வார நாள் என்பதால் மேலே ஒருவரும் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினேன். குழியில் அரிசி ஊறிப் பொங்கி, புளித்த வாடை அடித்தது. மேலே ஒரு எறும்பு வரிசை. ஒரு குருவியும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை.

பூவையும் எலுமிச்சையையும் எடுத்துத் தள்ளி வைத்தேன். பிறர் கும்பிட்டு வைத்தது என்பதால் ஒரு நொடி கை தயங்கியது. பிறகு அரிசியை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஓடையில் விட்டேன். சின்ன மீன்கள் வந்து மொய்த்தன. தண்ணீர்ப் புட்டியில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து வந்து நாலைந்து தடவை கழுவினேன். வேன் துடைக்கும் துணியால் உள்ளே துடைத்தேன்.

குழியின் அடியில், உளி பட்ட கீறலுக்குள், ஒரே ஒரு அரிசி மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. விரல் நுழையவில்லை. மண்டியிட்டு, வேன் சாவியின் நுனியால் நெம்பி அதை வெளியே எடுத்தேன்.